மேல் இமையைப் பாருங்கள்: செடியால் வரும் தோல் தடிப்புகள்

மழை நின்று களையெடுப்பு தொடங்கும் சமயத்தில் எங்கள் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே மாதிரியான பாதிப்போடு பலர் வருவார்கள். இமை வீங்கியிருக்கும். கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்திருக்கும். முழங்கையின் உள்பக்கம் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கும். பலரும் 50 வயதைத் தாண்டிய விவசாயிகள். "வெயில் அலர்ஜி" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை நம்பித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் அரிப்போடு இருந்திருப்பார்கள்.

நான் முதலில் பார்ப்பது மேல் இமை, காதின் பின்புறம், தாடைக்குக் கீழே உள்ள பகுதி. வெயிலால் வரும் தடிப்பு பெரும்பாலும் இந்த நிழலான இடங்களை விட்டுவிடும். காற்றில் பறந்து வரும் செடித்தூசு இவற்றைத்தான் முதலில் பிடிக்கும். நம் ஊரில் அந்தத் தூசு பெரும்பாலும் பார்த்தீனியத்தினுடையது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, இன்று வாய்க்கால் கரை, காலி மனை, பள்ளி மைதானம் என எங்கும் நிற்கிற அந்த வெள்ளைப் பூச்செடிதான். பூக்கும் முன் பார்த்தால் கேரட் இலை மாதிரி இருக்கும். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய முடிகளில் பார்த்தினின் என்ற பொருள் இருக்கிறது. செடி காய்ந்து நொறுங்கித் தூளானாலும் அதன் வீரியம் போவதில்லை. அதனால்தான் செடியைத் தொடாதவருக்கும் முகம் வீங்குகிறது.

"20 வருசமா இதே கையில பிடுங்கிப் போடறேனுங்க டாக்டர், இப்ப மட்டும் எப்படிங்க?" இதைக் கேட்காத நோயாளி குறைவு. ஒவ்வாமை அப்படித்தான் வரும். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் உடல், ஒரு கட்டத்தில் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு துளித் தூசே போதும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாமந்தி, சூரியகாந்தி, டேலியா எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பம். அந்த ஒவ்வாமை உள்ள சிலருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாது. வீட்டைச் சுற்றிக் களையை எல்லாம் எடுத்துவிட்டேன், அரிப்பு மட்டும் போகவில்லை என்று வருபவர்களிடம், வாசலில் சாமந்தித் தொட்டி இருக்கிறதா, தினமும் பூ தொடுக்கிறீர்களா என்று கேட்பேன். சந்தேகம் இருந்தால் முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். ஊசி கிடையாது. சந்தேகப்படும் பொருளைத் தடவிய பட்டையை ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம் அவசியம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது. வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். பிடுங்கியதை எரிக்காதீர்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மாடித்தோட்டக்காரர்களின் பிரச்சினை வேறு. யூஃபோர்பியா என்று நர்சரியில் விற்கும் முள்செடி, வேலியில் இருக்கும் திருகுகள்ளி, இவற்றை வெட்டினால் பால் வடியும். இது ஒவ்வாமை அல்ல, நேரடியான எரிச்சல். யாருக்கும் வரும். பட்ட உடனே ஒன்றும் தெரியாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து பால் ஓடிய தடத்தில் கொப்புளம் எழும். கொப்புளத்தைப் பார்த்ததும் அக்கி என்று நினைத்து அக்கி எழுதப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செடியை வெட்டிய கதையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொப்புள நீர் பட்டு அடுத்தவருக்குப் பரவும் என்ற பயமும் வேண்டாம். தோலில் ஒட்டிய பால் கழுவப்பட்ட பிறகு அது பரவாது.

கள்ளிப்பாலோ எருக்கம்பாலோ கண்ணில் பட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது கண்ணில் விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழி பாதிப்பு மறுநாள்தான் முழுதாகத் தெரியவரும்.

எலுமிச்சையைப் பலர் சந்தேகிப்பதில்லை. சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து, அப்புறம் பழுப்புக் கோடுகளாக வாரக்கணக்கில் நிற்கும். பிழிந்ததும் கையைக் கழுவினால் போதும்.

செந்தட்டி பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்தால் சுணை வந்துவிடும். சேனைக்கிழங்கு நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். விடாதீர்கள்.

மற்றபடி எந்தச் செடியானாலும் முதல் 10 நிமிடத்துக்குள் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் மருந்து. நகக்கண்ணையும் கத்தரியையும் சேர்த்துக் கழுவுங்கள். பூண்டு அரைத்துப் போடுவது, சுண்ணாம்பு தடவுவது, கிருமிநாசினியை அப்படியே ஊற்றுவது எல்லாம் வெந்த தோலை மேலும் வேக வைக்கும். பூண்டு மட்டுமே கூடக் கொப்புளம் போட வைக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மருந்துக்கடைக் களிம்பு. ஸ்டீராய்டு களிம்பு இதற்கு நல்ல மருந்துதான், நானே எழுதித் தருகிறேன். ஆனால் எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பது முக்கியம். கையில் போடும் வீரியத்தை இமையிலும் முகத்திலும் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், உள்ளிருக்கும் ரத்தக் குழாய்கள் தெரியும், கண் அழுத்தம்கூட ஏறலாம். அரிப்பு உண்மையில் படர்தாமரையாக இருந்தால் அது உள்ளுக்குள் படர்ந்துகொண்டே போகும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனாலும் கேட்டதும் கிடைக்கிறது.

முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், புண்ணில் சீழ் வைத்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒரு வாரத்தில் அடங்காத தடிப்பையும் காட்டிவிடுங்கள். வரும்போது செடியைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம், செல்போனில் படம் எடுத்து வாருங்கள். இதுவரை தடவிய களிம்பு ட்யூப்களையும் ஒன்று விடாமல் எடுத்து வாருங்கள்.