மணவாளக்குறிச்சி மணல் காந்தமாவது எப்படி?

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தோரியமும் அருமண் தனிமங்களும் அடங்கிய கனிமம் அது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சிக்கு ஆலை வந்தது அப்படித்தான். அன்று தேடியது காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மாண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை. கூடவே வந்த அருமண் தனிமங்களை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். மின்வாகன மோட்டாரிலும் காற்றாலையிலும் உள்ள காந்தத்துக்கு நியோடிமியம் என்ற அருமண் தனிமம் வேண்டும். கதிரியக்கம் உள்ள தோரியம்தான் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டிய பொருள்.

2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. உடனே எழுந்த கேள்வி, "நம் கடற்கரையில்தான் மணல் கிடக்கிறதே?" என்பது. கிடக்கிறது, அரசின் கணக்கில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட், அதற்குள் 72 லட்சம் டன் அருமண் ஆக்சைடு. ஆனால் மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவே வரிசையாகப் பல ஆலைகள் வேண்டும். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் முன்பகுதி ஆலைகளே.

முதல் வேலை, மணலைப் பிரிப்பது. சாதாரண மணலின் அடர்த்தி 2.65; மோனசைட்டினுடையது 5-ஐ ஒட்டியது. சுருள் வடிகாலில் தண்ணீரோடு ஓடவிட்டால் கனமானவை உள்விளிம்பில் ஒதுங்கும். அதைக் காயவைத்துக் காந்தத்திலும் உயர் மின்னழுத்த உருளையிலும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். மணலில் கூடவே இருக்கும் கனிமங்களில், இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்தில் ஒட்டும். ரூட்டைல் கடத்தும், ஒட்டாது. சிர்க்கான் இரண்டும் செய்யாது. மோனசைட் கடத்தாது, ஆனால் வலிய காந்தத்துக்கு லேசாக மசியும். இந்த லேசான குணம்தான் பிடிமானம். மணலில் ஈரம் மிஞ்சினால் மின்பிரிப்பு குழம்பிவிடும்.

அடுத்தது வேதியியல். மோனசைட்டை மாவாக அரைத்து, அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். பாஸ்பேட் கரைந்து டிரைசோடியம் பாஸ்பேட்டாகத் தனியே போகும். மிஞ்சுவது ஹைட்ராக்சைடு பிண்டம். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3-ஐ ஒட்டி நிறுத்தினால் அருமண் கரையும், தோரியம் கரையாமல் தங்கும். அமிலம் கூடிவிட்டால் தோரியமும் கரைசலில் ஏறிவிடும். பிறகு பேரியம் சல்பேட்டோடு சேர்த்து, ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் படியவைக்க வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் அடுத்த ஆலை முழுக்கக் கதிரியக்கம் பரவும்.

உண்மையான கஷ்டம் இதற்குப் பிறகுதான். கரைசலில் லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம், சமாரியம் எல்லாம் ஒரே மின்சுமையோடு, அயனி அளவில் மயிரிழை வித்தியாசத்தோடு கலந்திருக்கும். மண்ணெண்ணெயில் கரைத்த பாஸ்பரஸ் சார்ந்த ஒரு கரிம அமிலத்தோடு இந்தக் கரைசலைக் கலக்கித் தெளியவிட்டால், சிறிய அயனிகள் எண்ணெய்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகும். எவ்வளவு அதிகம் என்றால், பிரசியோடிமியத்தைவிட நியோடிமியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒருமுறை கலக்கி ஒன்றும் ஆகாது. கலக்கும் தொட்டியும் தெளியும் தொட்டியுமாக நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். முழு வரிசையும் சமநிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை விலையுள்ள சரக்கு தொட்டிகளிலேயே முடங்கியிருக்கும். மின்தடையில் பம்பு நின்றாலோ அமில ஓட்டம் சற்று மாறினாலோ வரிசை கலைந்து, கலப்பட ஆக்சைடு வெளியே வரும். நல்லவேளையாக, காந்தத்துக்கு நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்தால் தொட்டிகள் நிறையக் குறையும்.

ஆக்சைடு உலோகமாவது சுமார் 1,050 டிகிரியில் உருகிய புளோரைடு உப்பில், மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில். ஆக்சைடு போடுவது குறைந்தால் மின்னழுத்தம் தாவி, புவியைக் கடுமையாகச் சூடாக்கும் புளோரோகார்பன் வாயுக்கள் கிளம்பும். அதிகமானால் கரையாமல் அடியில் சேறாகத் தங்கும். இந்த நடுநிலையைப் பிடிக்கக் கைப்பழக்கம் வேண்டும்.

பிறகு இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, மெல்லிய செதில்களாக வார்த்து, ஹைட்ரஜனால் நொறுக்கி, 3 முதல் 5 மைக்ரான் தூளாக அரைக்க வேண்டும். இந்தத் தூள் காற்றுப் பட்டால் தீப்பற்றும். தீப்பிடிக்காமல் ஆக்சிஜன் மட்டும் நுழைந்தாலும் கெடுதிதான். காந்தம் வெப்பத்தில் தன் வலுவைக் காக்கும் திறனை இழக்கும். காந்தப்புலத்தில் துகள்களை ஒரே திசையில் நிறுத்தி, அழுத்தி, வெற்றிடத்தில் 1,050 டிகிரியை ஒட்டிச் சுட்டு, அறுத்து, நிக்கல் பூசினால் காந்தம் தயார்.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை அருமண் காந்தத் தயாரிப்புக்கான 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இலக்கு ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் மோனசைட்டில் சுமார் 550 கிலோ அருமண் ஆக்சைடு. நியோடிமியமும் பிரசியோடிமியமும் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, 130 கிலோ என்று வைப்போம். உலோகமாக 110 கிலோ. காந்த எடையில் சுமார் 30 சதவீதம் அருமண் என்பதால், சேதாரமே இல்லாவிட்டாலும் 370 கிலோ காந்தம்தான். ஆக 6,000 டன்னுக்கு 16,000 டன் மோனசைட் வேண்டும். கூடவே 6,000 டன்னுக்குக் குறையாமல் சீரியம், லாந்தனம் ஆக்சைடும், 1,300 டன்னுக்கு மேல் தோரியம் ஆக்சைடும் வந்து சேரும். சீரியத்துக்குக் கண்ணாடி மெருகேற்றும் தூள், வினையூக்கி என்று சந்தை இருந்தாலும் விலை மிகக் குறைவு. எனவே மொத்தப் பிரிப்புச் செலவையும் நியோடிமியமே சுமக்கிறது. சீனா விலையை இறக்கினால் முதலில் அடிபடுவது இந்த இடம்.

இதனால்தான் முதலீடு என்றால் சுரங்கத்துக்குப் பணம் போடுவது மட்டுமே என்று எண்ணுவது தவறு. அமெரிக்க அரசு 2025 ஜூலையில் கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் அருமண் சுரங்க நிறுவனத்தில் பங்கு வாங்கியதோடு, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிவிலையைப் பத்தாண்டுக்கு உறுதி செய்தது. இந்தியத் திட்டம் விற்பனையான காந்தத்துக்கு ஏற்ப ஐந்தாண்டு ஊக்கத்தொகை தருகிறது. ஆக்சைடை உலோகமாக்குவதிலிருந்து காந்தம் வரை ஒருங்கே செய்யும் ஆலைகளுக்குத்தான் அது. ஆனாலும் பணம் வருவது கடைசிப் படியில் விற்ற காந்தத்துக்கே. நடுவிலிருக்கும் உலோக உலைக்கும் இதேபோன்ற விலை உறுதி வேண்டும். இல்லையென்றால் உலோகத்தை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வரலாம்.

மணலுக்கும் ஒரு விலை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். கதிர்வீச்சும் கடலரிப்பும் அவர்களின் வீட்டு வாசலில் இருக்கும் கவலைகள். அவற்றுக்கு அளவீடுகளோடு பதில் சொல்லாமல் ஒரு டன்கூட எடுக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் டிஸ்ப்ரோசியம் பற்றாக்குறை தீராது. சூடான மோட்டாரில் காந்தத்தைக் காப்பது அதுதான். நம் மோனசைட்டில் அது மிகச் சொற்பம். காந்தம் முழுக்கக் கலக்காமல், மேற்பரப்பில் பூசிச் சூட்டில் துகள் விளிம்புகளுக்குள் மட்டும் ஊடுருவவிட்டால் தேவை வெகுவாகக் குறையும். அறுப்புத் தூளையும் பழைய மோட்டார்களையும் கரைத்து மீட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.