டெக்சாஸ் கவுண்டியில் யார் எதற்குப் பொறுப்பு, யாரை எப்போது தேர்ந்தெடுக்கிறோம்?

டெக்சாஸில் 254 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிகள்). எதிலும் நம்மூர் கலெக்டர் மாதிரி எல்லாவற்றுக்கும் மேலான ஓர் அதிகாரி கிடையாது. ஷெரிஃப் (கவுண்டி காவல்துறைத் தலைவர்), கவுண்டி கிளார்க் (ஆவணங்களைப் பராமரிப்பவர்), டாக்ஸ் அசெசர்-கலெக்டர் (வரி வசூலிப்பவர்), கான்ஸ்டபிள் (இங்கே அது தேர்தலில் வரும் காவல் அதிகாரி) என்று ஒவ்வொருவரும் தனித்தனியே மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறார்கள். ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிட முடியாது.

பட்ஜெட்டும் வரி விகிதமும் கமிஷனர்ஸ் கோர்ட்டின் கையில். பெயரில்தான் கோர்ட், உண்மையில் அது ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. கவுண்டியை நான்கு பிரீசிங்க்டுகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிஷனர். தலைமை வகிக்கும் கவுண்டி ஜட்ஜை மட்டும் கவுண்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. பெரிய கவுண்டிகளில் அவருக்கு நிர்வாக வேலைதான். சிறியவற்றில் வழக்குகளையும் விசாரிப்பார்.

சாதாரண முடிவுகளுக்கு மூன்று பேர் வந்தால் கூட்டம் செல்லும். வரி விதிக்க மட்டும் நான்கு பேர் இருந்தாக வேண்டும். 2022-இல் ஹூஸ்டன் நகரம் உள்ள ஹாரிஸ் கவுண்டியில் இரண்டு கமிஷனர்கள் கூட்டத்துக்கு வராமலே இருந்தார்கள். பெரும்பான்மை கேட்ட வரி விகிதம் நிறைவேறவில்லை. அப்படி ஆனால், போன வருட விகிதம், பழைய சொத்துகளிலிருந்து போன வருட அளவு வருவாயே தரும் விகிதம், இரண்டில் எது குறைவோ அது தானாக அமலுக்கு வரும்.

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பணம் ஒதுக்குவது கமிஷனர்ஸ் கோர்ட். ஆனால் ஷெரிஃபை நீக்கும் அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்குக் கிடையாது. பதவி நடுவில் காலியானால் நிலைமை வேறு: ஷெரிஃப், கிளார்க் போன்ற இடங்களை கமிஷனர்ஸ் கோர்ட் நியமனத்தால் நிரப்பும், கமிஷனர் இடத்தை கவுண்டி ஜட்ஜ் நிரப்புவார். கணக்கைச் சரிபார்க்கும் ஆடிட்டரை மாவட்ட நீதிபதிகள் இரண்டு வருடத்துக்கு நியமிக்கிறார்கள். செலவு செய்கிறவர்களே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது.

வீட்டு வரியில்தான் பலரும் குழம்புகிறார்கள். டாக்ஸ் அசெசர்-கலெக்டர் பில் அனுப்பி வரி வசூலிக்கிறார்; வீட்டின் மதிப்பை அவர் நிர்ணயிப்பதில்லை. அது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பின் வேலை. ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) மனுவும் மதிப்பீட்டை எதிர்க்கும் மனுவும் அங்கேதான் போக வேண்டும். எதிர்ப்பு மனுவுக்குக் கடைசி நாள் பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது.

கமிஷனர்ஸ் கோர்ட்டில் எல்லாருக்கும் நான்கு வருடப் பதவி, ஆனால் தேர்தல் ஒரே நேரத்தில் வராது. கவுண்டி ஜட்ஜும் பிரீசிங்க்ட் 2, 4 கமிஷனர்களும் கவர்னர் தேர்தல் வருடத்தில். பிரீசிங்க்ட் 1, 3 கமிஷனர்களும் ஷெரிஃபும் ஜனாதிபதி தேர்தல் வருடத்தில்.

பல கவுண்டிகளில் ஒரு கட்சியின் கை ஓங்கியிருப்பதால் முடிவு மார்ச் பிரைமரியிலேயே (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) தெரிந்துவிடும். நவம்பர் பொதுத்தேர்தலுக்கு மட்டும் போகிறவர்கள் தாமதமாகப் போகிறார்கள். டெக்சாஸில் கட்சியில் பதிவு செய்யத் தேவையில்லை, எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். ஆனால் மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டுவிட்டு மே ரன்ஆஃபில் (யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்று) மற்றதற்கு மாற முடியாது. கட்சிப் பெயரை ஒருமுறை அழுத்தி எல்லாருக்கும் போடும் வசதி 2020-இலிருந்து இல்லை. கவுண்டி பதவிகள் வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும். பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை போடுங்கள்.

வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். வேறு கவுண்டிக்குக் குடிபோனால் புதிதாகப் பதிய வேண்டும். கிரீன் கார்டு, எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பதியவே கூடாது: டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் வாக்காளராகப் பதியவா என்று கேட்கும்போது கவனக்குறைவாக ‘ஆம்’ என்று குறித்தால் பின்னாளில் குடியுரிமை மனுவையே அது பாதிக்கலாம்.

ஓட்டு இல்லாதவர்களும் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்குப் போகலாம். அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும் என்பது சட்டம். நேரக் கட்டுப்பாடு உண்டு, அதனால் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்.