ஸ்னாப் உணவு உதவி: குடும்பச் செலவுகளுக்கு எவ்வளவு சான்று தேவை?

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய அரசு வழங்கும் உணவு உதவித் திட்டம் ஸ்னாப் எனப்படுகிறது. 2008இல் பெயர் மாறினாலும் ஃபுட் ஸ்டாம்ப் என்ற பழைய பெயரே இன்னும் பலர் வாயில் வழங்குகிறது. விதிகளை வகுப்பது மத்திய வேளாண் துறை. விண்ணப்பங்களைப் பெற்றுப் பரிசீலிப்பவை மாநில அலுவலகங்கள். ரேஷன் அட்டையைக் காட்டி அதற்குரிய அரிசியை வாங்கிவரும் முறைக்குப் பழகியவர்களுக்கு இத்திட்டத்தில் புதிதாகத் தோன்றுவது அதன் கணக்கு. இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொகை தனித்தனியே கணக்கிடப்படுகிறது. அதில் வருமானத்தோடு வாடகை, மின்கட்டணம், குழந்தைப் பராமரிப்பு, மருத்துவச் செலவு ஆகியவையும் சேர்கின்றன.

வருமானத்துக்குச் சான்று தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். செலவுக்குச் சான்று தராவிட்டால் பெரும்பாலும் அப்படி நேர்வதில்லை. அந்தச் செலவை விட்டுவிட்டுக் கணக்கிடுவார்கள். உதவி கிடைக்கும், ஆனால் குறைந்த தொகையாகக் கிடைக்கும். நிராகரிப்புக் கடிதம் வந்தால் எவரும் காரணம் கேட்பார்கள். உதவித் தொகைக்கான அட்டையில் மாதந்தோறும் ஏதோ ஒரு தொகை ஏறிக்கொண்டிருந்தால், அது குறைவானது என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. செலவுச் சான்று குறித்த விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இதுதான்.

2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையிலான நிதியாண்டின் அளவுகளைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பம். தாயின் மாதச் சம்பளம் 2,000 டாலர். சம்பளத்தில் 20 விழுக்காடான 400 டாலர் முதலில் கழியும். மூவர் வரையுள்ள குடும்பத்துக்கு உரிய நிலையான கழிவு, அதாவது கணக்குக்காக வருமானத்திலிருந்து குறைக்கப்படும் தொகை, 204 டாலர். குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் 200 டாலர் செலவானால் அதுவும் கழிந்து 1,196 டாலர் மிஞ்சும். வாடகையும் எரிபொருள், மின்சாரச் செலவும் சேர்ந்து 1,300 டாலர் என்று கொண்டால், மிஞ்சிய வருமானத்தில் பாதியான 598 டாலரை மீறும் பகுதி, அதாவது 702 டாலர், வீட்டுச் செலவுக் கழிவாகும். (முதியோரோ மாற்றுத்திறனாளியோ இல்லாத குடும்பத்துக்கு அவ்வாண்டில் இக்கழிவின் உச்சவரம்பு 712 டாலர்.) நிகர வருமானம் 494 டாலர். அதில் 30 விழுக்காட்டைக் குடும்பமே உணவுக்குச் செலவிடும் எனக் கொண்டு, மூவருக்கான உச்சத் தொகையான 768 டாலரிலிருந்து 149 டாலரைக் கழித்தால் உதவி மாதம் 619 டாலர்.

இதே குடும்பம் குழந்தைப் பராமரிப்புச் செலவை மட்டும் கணக்கில் சேர்க்கத் தவறினால் உதவி 529 டாலராகக் குறைகிறது. 200 டாலர் செலவுக்கு 90 டாலர் இழப்பு ஏற்படுவதற்குக் காரணம், அந்தக் கழிவு விட்டுப்போனதும் வீட்டுச் செலவுக் கழிவும் சேர்ந்து சுருங்குவதுதான். வாடகை முதலிய வீட்டுச் செலவும் விட்டுப்போனால் கிடைப்பது 349 டாலர். ஒரே வீடு, ஒரே சம்பளம். வேறுபாடு மாதம் 270 டாலர்.

இனி விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அடையாளம், வசிப்பிடம், வருமானம் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டும் என்பதில் மாநிலங்களுக்கு விருப்பத் தேர்வு இல்லை. வாடகையும் குழந்தைப் பராமரிப்பும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. விண்ணப்பதாரர் சொல்லும் தொகை ஐயத்துக்கு இடம் தராத வரையில் அதை அப்படியே ஏற்கலாம் என்பது மத்திய விதி. சான்று கட்டாயம் என்று ஒரு மாநிலம் தானாக முடிவு செய்தால் மட்டுமே நிலைமை மாறும். மாதம் 900 டாலர் வருமானம் உள்ளவர் 1,500 டாலர் வாடகை கொடுப்பதாகச் சொன்னால் அலுவலர் கேள்வி கேட்பது நியாயம். சம்பளத்துக்குப் பொருந்தும் வாடகையைச் சொல்பவரிடம், மாநிலமே கேட்காத தாளைப் பழக்கத்தால் கேட்பது நியாயமில்லை. எனவே நேர்காணலில், அது தொலைபேசியில் நடந்தாலும், “இந்தச் செலவுக்குச் சான்று கட்டாயமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சான்று தேவைப்பட்டாலும் இன்ன தாள்தான் வேண்டும் என்று அலுவலகம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தம், ரசீது, வீட்டு உரிமையாளரின் கடிதம் ஆகிய எதுவும் போதும். உள்வாடகைக்கு ஓர் அறையில் தங்கிப் பணமாகக் கொடுப்பவரிடமும், பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் குழந்தையை விட்டுச் செல்பவரிடமும் இவற்றில் எதுவும் இருக்காது. அத்தகைய நிலையில் விவரம் தெரிந்த மூன்றாம் நபரிடம் அலுவலர் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றில் நடைமுறை எப்போதோ எளிதாகிவிட்டது. ஒவ்வொரு மாநிலமும் இவற்றுக்கு ஒரு நிலையான தொகையை வைத்திருக்கிறது. வீட்டைச் சூடாக்கவோ குளிரூட்டவோ வாடகைக்கு அப்பால் தனியாகப் பணம் செலுத்துவது தெரிந்தால் போதும், முழுத் தொகையும் கணக்கில் சேரும். மாதாமாதம் ரசீது சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீடற்றவர்களுக்கும் இதே போன்ற ஒரு நிலையான கழிவு உண்டு. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதை 143 டாலரில் தொடங்கி, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயரும்படி செய்தது.

மிகுதியாக விட்டுப்போவது மருத்துவச் செலவுக் கழிவு என்பது என் கருத்து, ஏனெனில் இங்கே சான்று உண்மையிலேயே கட்டாயம். அறுபது வயது நிறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் உரிய கழிவு இது. மாதம் 35 டாலருக்கு மேற்பட்ட செலவு கழிக்கப்படும். காப்பீட்டுச் சந்தா, மருந்து, கண்ணாடி, செயற்கைப் பல், காது கேட்கும் கருவி, மருத்துவர் சொல்லி வாங்கிய சாதாரண மாத்திரை, மருத்துவமனைக்குச் சென்றுவரும் பயணச் செலவு எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் துண்டு ரசீது தேடுவது முதியவருக்குப் பெருந்தொல்லை. ஓராண்டில் வாங்கிய மருந்துகளின் பட்டியலை மருந்துக் கடையில் கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். அது ஒன்றே பல ரசீதுகளின் வேலையைச் செய்யும். சில மாநிலங்கள் மத்திய அரசின் அனுமதியோடு இதையும் சுருக்கியிருக்கின்றன. மாசசூசெட்ஸில் 35 டாலருக்கு மேல் செலவாவதைக் காட்டினால் 155 டாலர் நிலையான கழிவாகக் கிடைக்கும். 190 டாலரைத் தாண்டிச் செலவு செய்பவர்கள் மட்டுமே உண்மைச் செலவை முழுமையாக நிரூபித்து அதற்குரிய கழிவைப் பெறலாம். எந்த மாநிலத்திலும் உதவியைப் புதுப்பிக்கும்போது மொத்த மருத்துவச் செலவு 25 டாலருக்கு மேல் மாறவில்லையென்றால், தகவலில் குறையோ முரணோ இல்லாத வரை மீண்டும் சான்று கேட்கக் கூடாது.

கேட்ட தாளைக் கொடுக்கக் குறைந்தது 10 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். விண்ணப்பத்தின் மீது 30 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் செலவுச் சான்று வராவிட்டால் அந்தச் செலவு இல்லாமலே தொகை முடிவாகும். பின்னர் சான்றைக் கொடுத்தால் தொகையைத் திருத்தி உயர்த்துவார்கள், ஆகவே காலம் கடந்துவிட்டதென்று தாளைத் தூக்கி எறிய வேண்டாம். வருமானமும் கையிருப்பும் சேர்ந்து வாடகை முதலிய வீட்டுச் செலவுக்கே போதாத குடும்பத்துக்கு ஏழு நாளுக்குள் உதவி சேர வேண்டும். அந்நிலையில் அடையாளச் சான்று தவிர மற்றவை பிறகு வரலாம்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சிலவற்றைக் கடினமாக்கியிருக்கிறது. எரிபொருள் உதவித் திட்டத்தில் பணம் பெற்றாலே மின், எரிபொருள் நிலையான தொகை தானாகச் சேரும் வழி இனி முதியோரோ மாற்றுத்திறனாளியோ உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். இணையக் கட்டணத்தையும் வீட்டுச் செலவில் சேர்க்க இயலாது. மேலும், தொகை வழங்குவதில் தவறு 6 விழுக்காட்டை எட்டும் மாநிலங்கள் 2028 நிதியாண்டு முதல் உதவித் தொகையில் ஒரு பங்கைத் தாமே ஏற்க வேண்டும். இந்த அச்சத்தில் அலுவலகங்கள் கூடுதல் தாள் கேட்கத் தலைப்படலாம். குறைவாகக் கொடுப்பதும் அந்த விழுக்காட்டில் தவறாகவே எண்ணப்படுகிறது என்பதை அவை மறந்துவிடக் கூடாது. நிலையான தொகைகளை விரிவாக்குவதே தவறைக் குறைக்கச் செலவு குறைந்த வழி.

முடிவுக் கடிதம் வந்ததும், எந்தெந்தச் செலவு எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற விவரத்தைப் பாருங்கள்; கடிதத்தில் இல்லையென்றால் கணக்கைக் கேட்டுப் பெறலாம். சொன்ன செலவு அதில் இல்லாவிட்டால் முதலில் அலுவலரிடம் கேட்கலாம். சரியான விடை வராவிட்டால் முடிவு எடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முறையீட்டு விசாரணை கோரலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, வாய்மொழியாகக் கேட்டாலும் அது கோரிக்கையாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.