ரிலே: ஓடாத அஞ்சல்

"அமைவுப் புள்ளியைத் தாண்டினால் அஞ்சல் செயல்படும்." சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கட்டடத்தின் சுவிட்ச் ரூமில், பவர் மீட்டருக்குக் கீழே ஒட்டியிருந்த தாளில் கண்டது. உடன் வந்த தம்பி படித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, லோடு கூடிப்போனா லெட்டர் போடுமா?" ரிலே என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். இந்த 'அஞ்சல்' என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை.

ரிலே என்பது ஒரு மின்சுற்றின் சொல்கேட்டு இன்னொரு சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் விசை. பிரெஞ்சு வழி வந்த சொல். வேட்டையில் வழிநெடுக நிறுத்திவைத்த மாற்று நாய்கள், பிறகு மாற்றுக் குதிரைகள். 1835 வாக்கில் ஜோசஃப் ஹென்றி, நெடுந்தூரக் கம்பியில் இளைத்து வரும் மின்னோட்டத்தைக் கொண்டே இன்னொரு சுற்றை முடுக்கிக் காட்டினார். களைத்த குதிரைக்குப் புதுக் குதிரை. தந்திக்காரர்களிடம் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே 'அஞ்சல்' போட்டவரை அடியோடு தள்ளிவிட முடியாது. திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலோடு ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். நம் பள்ளி விளையாட்டு விழாவில் நடப்பதும் அஞ்சலோட்டம்தான். ஆனால் மீட்டருக்குப் பின்னால் எவரும் ஓடவில்லை. ஒரு காண்டாக்ட் 'டக்' என்று சேர்கிறது, பிரிகிறது. அவ்வளவே. பூர்வீகம் பார்த்துப் பெண் கொடுக்கலாம், பெயர் வைக்கக் கூடாது.

'உணர்த்தி' என்பார் சிலர். பாதுகாப்பு ரிலேக்கு அது பொருந்தும். கோளாற்றை அதுவே உணர்கிறது. இங்கே உணர்வது மீட்டர். ரிலே சொன்னதைச் செய்யும் வெறும் கை. என்னைக் கேட்டால் 'ஏவல் விசை' என்பேன். ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே என்றால், சரி, ரிலே என்றே எழுதுங்கள். குடி முழுகாது.

செட்பாயிண்டுக்கு வைத்த 'அமைவுப் புள்ளி' அதைவிட மோசம். கோலத்துக்குத்தான் புள்ளி. ஏர்கானை 25-இல் வைத்தால் அது போய்ச் சேரவேண்டிய அளவு, இலக்கு. மீட்டரில் 800 கிலோவாட் என்று வைத்தால் அது தாண்டக் கூடாத அளவு, வரம்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் செட்பாயிண்ட் என்ற ஒரே சொல்; தமிழும் ஒன்றோடு நிற்கவேண்டுமா என்ன?

வரம்பிலும் இரண்டு உண்டு. 800-ஐத் தொட்டால் ரிலே சேரும், 760-க்கு இறங்கினால்தான் விடும். தொடுவரம்பு, விடுவரம்பு எனலாம். இரண்டையும் 800 என்றே வைத்துப் பாருங்கள்: லோடு 799-க்கும் 801-க்கும் ஊசலாட, ரிலே பல்லி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் தாமதமும் வைப்பது, பத்து விநாடி. லிஃப்ட் மோட்டார் கிளம்பும் நேரத்து ஏற்றத்துக்கெல்லாம் அலாரம் அடிக்கக் கூடாதல்லவா? இந்த 'டக்'கை ஒருமுறை காதால் கேட்டவர் அஞ்சல் என்று எழுதியிருக்க மாட்டார். அகராதியைத் திறக்கிறார்கள், சுவிட்ச் ரூம் கதவைத் திறப்பதில்லை.

அனுமதி வாங்கி, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வேறொன்று ஒட்டினேன்: "800 கிலோவாட்டுக்கு மேல் 10 விநாடி நின்றால் ரிலே 1 சேரும், பஸ்ஸர் அடிக்கும். 760-க்குக் கீழே வந்தால் அடங்கும்." தம்பி படித்தான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸர் எங்கே என்று அண்ணாந்து தேடினான்.