டிவிக்குப் போவது படம் மட்டும்தானா?

வீடுகளிலும் அலுவலகக் கூட்ட அறைகளிலும் வைஃபை, டிவி, ஃபோன், லேப்டாப் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுப்பது என் தொழில். என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, ஃபோனில் இருப்பதை டிவியில் எப்படிக் காட்டுவது என்பதுதான். அதைச் செய்துகொடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் இணைப்பு கிடைத்த பிறகு ஃபோனிலிருந்து என்னென்ன டிவிக்குப் போகிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இங்கேயும் அதைத்தான் எழுதுகிறேன்.

ஃபோனிலிருந்து டிவிக்குக் கம்பி இல்லாமல் படம் காட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே நடப்பது வேறு வேறு.

முதல் வழி மிரரிங். ஃபோன் தன் திரையில் தெரிவது அத்தனையையும் நொடிக்குப் பல முறை படம் பிடித்து, சுருக்கி, வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் போவது பாட்டு மட்டும் அல்ல. மேலே எட்டிப்பார்க்கும் வாட்ஸ்அப் செய்தி, வரும் அழைப்பில் தெரியும் பெயர், கேலரியைத் திறந்தால் வரிசையாக வரும் படங்கள், தேடும் பெட்டியைத் தொட்டதும் விழும் பழைய தேடல்கள் என எல்லாம் போகும். வைஃபை தரங்களை வகுக்கும் வைஃபை அலையன்ஸ் கூட்டமைப்பு 2012-ல் கொண்டுவந்த மிராகாஸ்ட் இப்படி வேலை செய்வதுதான். ஆப்பிள் 2011-ல் ஐஓஎஸ் 5-உடன் கொடுத்த ஏர்ப்ளே மிரரிங்கும் அப்படியே. விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவியைத் தேர்ந்தெடுக்கிறீர்களே, அதுவும் இந்த வகைதான்.

இரண்டாவது வழி காஸ்ட். டிவியில் செருகும் க்ரோம்காஸ்ட் என்ற சிறு கருவியை கூகுள் 2013-ல் கொண்டுவந்தபோது பரவலானது. யூட்யூபில் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஃபோன் வீடியோவை அனுப்புவதே இல்லை. எந்த வீடியோ, எந்த இடத்திலிருந்து ஓட வேண்டும் என்ற விவரத்தை மட்டும் டிவியிடம் சொல்கிறது. டிவி நேராக இணையத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்து ஓட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஃபோன் வெறும் ரிமோட்தான். நீங்கள் அழைப்பு பேசலாம், செய்தி படிக்கலாம், வங்கி ஆப்பைத் திறக்கலாம், எதுவும் டிவியில் வராது. படம் தெளிவாக இருக்கும், திக்காது, பேட்டரியும் அவ்வளவாகக் குறையாது.

எனவே நான் எல்லோரிடமும் சொல்வது இது: படம், பாட்டு, விளையாட்டு ஒளிபரப்பு பார்க்க மிரரிங் வேண்டாம். அந்த ஆப்பிலேயே காஸ்ட் அல்லது ஏர்ப்ளே அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீடியோ ஆப்புக்குள் இருக்கும் ஏர்ப்ளே, மிரரிங் போல முழுத் திரையையும் அனுப்பாது, அந்த வீடியோவை மட்டும்தான் டிவியில் ஓட்டும். பெரும்பாலான வீடியோ ஆப்களில் இருக்கும். இல்லையென்றால் அதே ஆப்பை டிவியிலேயே நிறுவிவிடலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் மிரரிங். ஒரு பாட்டைக் காட்டுவதற்காக முழுத் திரையையும் ஊருக்குத் திறந்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு அலுவலகத்தில் புதிதாக வைத்த டிவியைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மேலாளர் ஒருவர் தன் ஃபோனை மிரர் செய்து விற்பனைக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஊழியரின் உடல்நிலை பற்றிய செய்தி திரையின் மேலே இறங்கி, சில நொடிகள் நின்றுவிட்டுப் போனது. பெரிய டிவி, பெரிய எழுத்து. அந்த ஊழியரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. கருவி பழுதில்லை, யாரும் எதையும் திருடவில்லை. எல்லாம் அமைக்கப்பட்டபடியே சரியாக வேலை செய்தது, ஒரு மனிதருக்குக் காயமும் பட்டது. இப்படிப்பட்ட காயத்தை எந்தச் சாஃப்ட்வேர் அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே மிரர் செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நோட்டிஃபிகேஷனை அடக்குங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் ஸ்கிரீன் ஷேரிங் என்று ஒன்று இருக்கிறது, அங்கே அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-ல், திரையை நகலெடுத்துக் காட்டும்போது நோட்டிஃபிகேஷன் தானாக நின்றுவிடும்படி ஒரு தேர்வு உண்டு. ஆண்ட்ராய்டில் 'டு நாட் டிஸ்டர்ப்' போடுங்கள். ஆனால் அதைப் போட்டதும் நிம்மதியாகிவிட வேண்டாம். சில ஃபோன்களில் ஒலி மட்டும் நின்று, செய்தி திரையில் வந்துகொண்டுதான் இருக்கும். திரையில் காட்டவே வேண்டாம் என்கிற தேர்வையும் தேடிப் போட்டு, வேறொரு ஃபோனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் கீயோடு பி எழுத்தை அழுத்தி, டூப்ளிகேட் என்பதற்குப் பதிலாக எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிவி இரண்டாவது திரையாகிவிடும். காட்ட வேண்டிய ஒரு ஜன்னலை மட்டும் அங்கே இழுத்து விடலாம். மெயில், கோப்புகள் எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். கூட்டங்களில் பேசுகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும், பாதிக் கவலை தீரும்.

திரை டிவிக்குப் போவது போலவேதான் வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவருக்கும் போகிறது. இதை வைத்துத்தான் இன்று பெரிய மோசடி நடக்கிறது. வங்கியிலிருந்து பேசுகிறேன், பணத்தைத் திருப்பித் தருகிறேன், உங்கள் திரையைக் கொஞ்சம் பகிருங்கள் என்பார்கள். அவர்களுக்கு உங்கள் பாஸ்வேர்ட் தெரிய வேண்டியதில்லை. பணம் எடுக்கும் முயற்சியை அவர்கள் பக்கத்தில் தொடங்கிவிட்டு, உங்கள் திரையில் ஓடிபி வந்து விழும் வரை காத்திருந்தால் போதும். வங்கி ஆப்கள் பலவும் தங்கள் திரையைப் படம் பிடிக்க விடுவதில்லை, அதனால் மிரர் செய்யும்போது டிவியில் கறுப்பாகத் தெரியும். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து என்னை அழைப்பவர்களும் உண்டு. அது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்த காப்பு. ஆனால் ஓடிபி வருவது மெசேஜ் ஆப்பில், அங்கே அந்தக் காப்பு இருக்கும் என்று நம்பக் கூடாது. 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, திரைப் பகிர்வின்போது ஓடிபியையும் நோட்டிஃபிகேஷனில் இருக்கும் விவரங்களையும் மறைக்கிறது. பழைய ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக வீட்டுப் பெரியவர்களுக்கு, அந்த வசதி இருக்காது. எந்த வங்கிக்கும் உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மரியாதைக்காகப் பேச்சைத் தொடர வேண்டாம்.

சரி, இதுவரை சொன்னது வெளியே போவதைப் பற்றி. உள்ளே வருவதும் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் டிவி பட்டியலைத் திறந்தால் ஒரே மாடல் பெயரில் நான்கைந்து தெரியும். எது உங்களுடையது? மிராகாஸ்ட் பெரும்பாலும் ஃபோனுக்கும் டிவிக்கும் நடுவே நேரடி வைஃபை இணைப்பாகவே நடக்கும். அதனால் உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்கள் டிவி கண்ணில் படும், உங்களுக்கு அவருடையதும். தவறான டிவியைத் தொட்டுவிட்டால் உங்கள் குழந்தையின் படங்கள் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஓடும். அதனால் நான் எந்த வீட்டில் வேலை செய்தாலும் முதலில் டிவியின் பெயரை மாற்றிவிடுவேன். குடும்பப் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு சொல் போதும்.

அடுத்து, கேட்காமல் யாரையும் உள்ளே விடாதபடி டிவியை அமைக்க வேண்டும். சாம்சங் டிவிகளில் டிவைஸ் கனெக்ஷன் மேனேஜர் என்ற இடத்தில் முதல் முறை மட்டும் கேட்பதா, எப்போதும் கேட்பதா என்று தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே அனுமதித்த கருவிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும். எப்போதோ வந்துபோன விருந்தினரின் ஃபோனை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். ஏர்ப்ளே உள்ள டிவிகளில் குறியீடு கேட்கும் வசதி உண்டு. வீட்டுக்கு முதல் முறை கேட்டால் போதும், அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வைப்பதுதான் என் வழக்கம். சலிப்பாக இருக்கிறது என்று ஊழியர்கள் சொல்வார்கள். ஆனாலும் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் தவறுதலாகத் தன் திரையை வாடிக்கையாளர் முன்னால் போட்டுவிடுவதைவிட அந்தச் சலிப்பு எவ்வளவோ மேல்.

வெளியிலிருந்து ஹேக்கர்களும் வருவார்கள். 2019 ஜனவரியில், ரவுட்டர்களில் கருவிகளுக்குத் தானாக வழி திறந்துவிடும் யுபிஎன்பி என்ற வசதி வழியாக இணையத்துக்குத் திறந்துகிடந்த க்ரோம்காஸ்ட்களையும் ஸ்மார்ட் டிவிகளையும் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் தாங்கள் விரும்பிய வீடியோவை ஓடவிட்டார்கள். உங்கள் ரவுட்டரில் அந்த வசதிக்குத் தேவை இல்லையென்றால் அணைத்து வையுங்கள். 2025 ஏப்ரலில் ஒலிகோ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், ஏர்ப்ளேயில் 23 ஓட்டைகளைக் கண்டதாக வெளியிட்டது. அவற்றில் சிலவற்றைக் கொண்டு, அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் நீங்கள் எதையும் தொடாமலே கருவிக்குள் புகுந்துவிட முடியும். ஆப்பிள் தன் கருவிகளுக்குத் திருத்தம் கொடுத்துவிட்டது. ஏர்ப்ளே உள்ள மற்ற நிறுவனங்களின் டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அந்தந்த நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். ஃபோனுக்கு அப்டேட் வந்தால் போடுகிறோம், டிவிக்கு வந்தால் 'பிறகு' என்று தள்ளுகிறோம். டிவியும் உங்கள் வைஃபையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்தான்.

நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு விபரீதம், டிவி இணையவில்லை என்றதும் காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவது. குறியீடு கேட்பதை நிறுத்துவார்கள், வைஃபை பாஸ்வேர்டையே எடுத்துவிடுவார்கள், கடைசியில் ஏதோ ஒரு மிரரிங் ஆப்பைத் தேடி இறக்குவார்கள். அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை சாதாரணமானவை. ஃபோனில் விபிஎன், அதாவது இணையத் தொடர்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப், ஓடுகிறதா? ஃபோனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? ஃபோன் விருந்தினர் வைஃபையில் இருந்தால் டிவி பெரும்பாலும் தெரியவே தெரியாது. கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கத்தான் அது அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. டிவியைப் பிளக்கிலிருந்து எடுத்து மறுபடி போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

அந்த மிரரிங் ஆப்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இன்றைய ஃபோன்கள் பெரும்பாலானவற்றில் காஸ்ட், ஸ்மார்ட் வியூ, ஏர்ப்ளே என ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. தனியாக இறக்கும் ஆப்புக்கு உங்கள் முழுத் திரையையும் பார்க்கும் அனுமதியைக் கொடுக்கிறீர்கள். அக்ஸஸிபிலிட்டி அனுமதியும் கேட்டால் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். அதைக் கொடுத்தால் உங்களுக்காகத் திரையைத் தொடவும் அதனால் முடியும்.

டிவி தானே பார்ப்பதும் உண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் கண்டு, அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் தொழில்நுட்பம் பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. விசியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனம் இதைப் பார்வையாளர்களின் சம்மதம் இல்லாமல் செய்ததாக எழுந்த வழக்கில் 2017-ல் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை இணைத்து டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் இது வேலை செய்வதை 2024-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜியில் லைவ் ப்ளஸ் என்ற பெயர்களில் இருக்கும். இரண்டையும் அணைத்தாலும் டிவி எப்போதும்போல ஓடும்.

விடுதி அறை டிவியில் என்றால் என் தேர்வு சொந்த எச்டிஎம்ஐ கேபிள்தான். டிவியில் உங்கள் கணக்கில் உள்நுழைந்திருந்தால், அறையைக் காலி செய்யும் முன் வெளியேறிவிடுங்கள். வீட்டு டிவியை விற்கும்போதும், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும்போதும் செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, முதல்முறை அமைக்கும் திரை வருகிறதா என்று பார்த்த பிறகே பிளக்கை எடுங்கள்.