பிறந்த ஊர் ஈயம்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா டர்பன் கடற்கரையில் தூண்டில் போடுபவர். ஷாட் மீன் சீசன் வந்தால் பின்கட்டில் ஸ்டவ்வை மூட்டி, பழைய டப்பாவில் ஈயத்தை உருக்கி, தூண்டிலைத் தண்ணீரில் அமிழ்த்தும் சிங்கர் குண்டுகளைத் தானே வார்த்துக்கொள்வாராம். சிறுமியாக இருந்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், ஆறிய குண்டுகளை எடுத்து அடுக்கிக் கொடுப்பார். அப்பா அதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது இவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. அன்றைக்கு உள்ளே போன ஈயம் இன்னும் உடம்பில் இருக்குமா, குழந்தைக்குப் போகுமா என்று கேட்கிறார்.

இருக்க வாய்ப்பு உண்டு, அம்மா. ஓரளவு குழந்தைக்கும் போகலாம். ஆனால் செய்யக்கூடியதும் இருக்கிறது. அதனால் பயப்படாமல் மேலே படியுங்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், வீட்டு ஸ்டவ் போதும். மேலே படியும் சாம்பல் நிறக் கசடு தூளாகிக் கையிலும் துணியிலும் தரையிலும் ஒட்டி வாய்க்குப் போகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏற்பதைப்போல நாலைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்ளும். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஏஞ்சலா மாத்தியும் அவர் குழுவினரும் மேற்குக் கடலோர மீனவ ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006இல் நின்றதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

சரி, உள்ளே போன ஈயம் எங்கே போகிறது? ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறும். மீதி எலும்புக்குப் போகும். ஈய அயனிக்கும் கால்சியம் அயனிக்கும் ஒரே மின்னூட்டம், அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. எலும்பு ஏமாந்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது. பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. குடியிருந்துகொண்டே பழைய வீட்டைச் செங்கல் செங்கலாக மாற்றிக் கட்டுவதுபோல உடம்பு எலும்பைக் கரைத்துக் கரைத்துப் புதுப்பிக்கிறது. வயிற்றில் குழந்தை வளரும்போது அதன் எலும்புக்கு 30 கிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். தாயின் எலும்பும் கொஞ்சம் கொடுக்கிறது, கூடவே பழைய ஈயமும் ரத்தத்துக்கு வருகிறது.

இதை எப்படி நிரூபிப்பது? கர்ப்பிணியின் ரத்தத்தில் ஈயம் கூடினால், அது நேற்றுச் சாப்பிட்டதிலிருந்து வந்ததா, இருபது வருடத்துக்கு முந்தியதா என்று யாருக்குத் தெரியும்? இதற்கு ஆஸ்திரேலியப் புவி வேதியியலாளர் பிரையன் கல்சன் கண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஈயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஈய அணுக்கள். 204 மட்டும் பூமி பிறந்தபோது இருந்த அளவுதான், அப்புறம் கூடவே இல்லை. யுரேனியம்-238 சிதைந்து 206 ஆகிறது, யுரேனியம்-235 சிதைந்து 207, தோரியம் சிதைந்து 208. அதாவது பாறைக்குள் இந்த மூன்றும் காலங்காலமாகக் கூடிக்கொண்டே வருகின்றன. ஏதோ ஒரு யுகத்தில் ஈயம் யுரேனியத்தை விட்டுப் பிரிந்து தாதுவாகத் திரண்டுவிட்டால், அந்த நொடியின் விகிதம் அப்படியே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத் தாது சுமார் 170 கோடி வருடம் பழையது, அதனால் அதில் 206 குறைவு. ஐரோப்பாவில் புழங்கிய ஈயம் பெரும்பாலும் அதைவிட இளைய தாதுக்களிலிருந்து வந்தது, 206 அதிகம். அதை உருக்கினாலும், பெயின்ட்டில் கலந்தாலும், பெட்ரோலில் எரித்தாலும், மனிதர் விழுங்கி எலும்பில் சேர்ந்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை.

கல்சன் குழு 1990களில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பெண்களைத் தேடிப் பிடித்தது. எலும்பில் பிறந்த ஊர் ஈயம், சாப்பாட்டிலும் தூசியிலும் ஆஸ்திரேலிய ஈயம். அவர்கள் கர்ப்பமானதும் மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். வீட்டு உணவையும் தூசியையும்கூட விடாமல் சோதித்தார்கள். மாதம் ஏற ஏற, அந்தப் பெண்களின் ரத்தத்தில் ஐசோடோப்பு விகிதம் பிறந்த ஊரை நோக்கித் திரும்பியது! பாலூட்டும் மாதங்களில் இன்னும் கூடுதலாக. ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த பெண்களிடம் அந்தத் திருப்பம் இல்லை. எலும்பிலிருந்துதான் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சுரங்கப் பாறைகளின் வயதைக் கணக்கிடும் புவி வேதியியல், தாய்மார்களின் ரத்தத்தைப் படிக்க உதவியிருக்கிறது. "பாறையை ஆராய்ந்து என்ன பயன்" என்று நிதியை வெட்டுபவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

இனி, செய்ய வேண்டியது. மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. மருத்துவரிடம் கேட்டுக் கால்சியமும் இரும்புச்சத்தும் எடுத்துக்கொள்ளுங்கள். பால், தயிர், மாஸ் என்னும் புளித்த பால் எல்லாம் நல்லது. டின் மீன் குழம்பு வைத்தால் மெத்தென்ற முள்ளையும் சேர்த்தே சாப்பிடுங்கள். ஈயத்துக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மிக அதிக அளவு இருந்தால் மட்டுமே மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள்.

ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் பஸ்பத்தை மட்டும் தொடாதீர்கள். 2004இல் பாஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எத்தனை முறை புடம் போட்டாலும் ஈயம் ஈயம்தான். பாரம்பரியம் என்ற பெயரில் கர்ப்பிணிக்கு அதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஈய நச்சு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஆனால் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் ஈயம் இல்லை, சோதிக்காததை யார் தெரிவிப்பது? அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, சின்ன வயதில் வீட்டில் ஈயம் உருக்கியதைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எலும்பு மட்டும்தான் காரணமா, வீட்டில் இன்னும் ஏதாவது பழைய பெயின்ட்டோ பாத்திரமோ இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.