இந்தோனேசியாவில் முதலீடா? தரவரிசையை மூடிவைத்துவிட்டு வாருங்கள்

பணத்தைப் போட்டுவிட்டு, அதன்பிறகு ஆலோசனை கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அண்மையில் வந்தது மசாலாப் பொடிகளும் உடனடி உணவுக் கலவைகளும் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனம். ஜகார்த்தாவை அடுத்த ஒரு மாவட்டத்தில் கிடங்கும் பாக்கிங் கூடமும் அமைத்து, ஆட்களையும் அமர்த்திவிட்டார்கள். ஆனால் அங்குள்ள கம்பெனியின் பங்குகள் முழுவதும் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரிலும் அவருடைய உறவினர் பெயரிலும் இருக்கின்றன. அந்த நாட்டின் தொழில்சூழலை எதைக் கொண்டு மதிப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மக்கள்தொகை 28 கோடி, எளிதாகத் தொழில் செய்யும் நாடுகளின் பட்டியலில் 73ஆம் இடம் என்று இரண்டு எண்களைச் சொன்னார்கள். இதே இரண்டு எண்களை இதற்கு முன்பும் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 73. உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்ட அந்த அறிக்கையில், 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் 109ஆம் இடத்தில் இருந்த இந்தோனேசியா 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 73ஆம் இடத்தில் இருந்தது. அந்தப் பதிப்புதான் கடைசி. 2018, 2020 பதிப்புகளில் சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது வெளிப்பட்டதால், 2021 செப்டம்பரில் உலக வங்கியே அந்த அறிக்கையை நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்ட ஒரு பட்டியலின் எண்ணை இன்றும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

சரி, தரவுகள் அனைத்தும் நேர்மையானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண் உங்களைப் பற்றியது அன்று. தொழில் தொடங்குவதன் எளிமையை அளக்க அந்த ஆய்வு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனி முழுக்க முழுக்க உள்நாட்டவருக்குச் சொந்தமானது. அதற்கு ஐந்து உரிமையாளர்கள், ஐவரும் தனிநபர்கள். அது நாட்டின் பெரிய வணிக நகரத்தில் இயங்குவது. இந்தோனேசியாவைப் பொறுத்தவரை ஜகார்த்தா, சுரபாயா ஆகிய இரண்டு நகரங்களின் நிலவரம் மட்டுமே கணக்கில் வந்தது; அதிலும் பெரும்பங்கு ஜகார்த்தாவுக்கு. அயல்நாட்டு முதலீட்டாளருக்கு உள்ள குறைந்தபட்ச மூலதன வரம்பு அந்த அளவீட்டுக்குள் வரவே இல்லை. ஆகவே, மத்திய ஜாவாவின் ஒரு மாவட்டத்தில் தொழிற்சாலை கட்டப்போகும் இந்திய நிறுவனத்துக்கு, ஜகார்த்தாவில் அலுவலகம் திறக்கும் ஐந்து இந்தோனேசியர்களின் அனுபவம் எந்த வகையில் வழிகாட்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். நிறுத்தப்பட்ட அந்த அறிக்கைக்கு மாற்றாக 2024 அக்டோபரில் முதன்முதலாக வந்த உலக வங்கி அறிக்கையில் இந்தோனேசியா உட்பட 50 நாடுகள் இடம்பெற்றன. அதில் ஒட்டுமொத்தத் தரவரிசையே கிடையாது. சட்டவிதிகள், அரசின் சேவைகள், நடைமுறையில் ஆகும் காலமும் செலவும் என்று தனித்தனியாகவே மதிப்பெண் தருகிறார்கள். அதையும் கூட்டிப் பார்த்து ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

28 கோடி என்பதும் அப்படித்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கும் மேல் ஜாவா தீவிலிருந்தே வருகிறது. அந்த ஒரு தீவுக்குள்ளேயே குறைந்தபட்சக் கூலி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு: 2024இல் பெக்காசி நகரில் மாதம் 53 லட்சம் ரூபியாவுக்கு மேல், மத்திய ஜாவாவின் பஞ்சார்நெகாராவில் 20 லட்சத்துக்குச் சற்றே அதிகம். கூலி குறைவு என்று உள்ளே போனால் துறைமுகம் வரை லாரி வாடகை கூடும். நீங்கள் மதிப்பிட வேண்டியது உங்கள் தொழிலையும் உங்கள் மாவட்டத்தையும் மட்டுமே; நாட்டின் சராசரியில் யாரும் தொழிற்சாலை கட்டுவதில்லை.

சட்டம் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று கேட்பவர்களும் குறைவு. வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம் என்ற பெயரில் பல பத்துச் சட்டங்களை ஒரே வீச்சில் திருத்திய 2020ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டத்தை, இயற்றப்பட்ட முறை தவறு என்று 2021 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நிபந்தனையுடன் செல்லாததாக அறிவித்தது. 2022 டிசம்பர் இறுதியில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே 2023இல் 6ஆம் எண் சட்டமானது. 2024 அக்டோபரில் அதன் தொழிலாளர் பிரிவுகள் பலவற்றை நீதிமன்றம் மீண்டும் மாற்றியது. இதற்கிடையில் 2020 முதல் நிக்கல் தாது ஏற்றுமதிக்குத் தடை, 2022 ஜனவரியில் நிலக்கரி ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை, அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இறக்குமதி விதிகளால் தஞ்சோங் பிரியோக், தஞ்சோங் பேராக் துறைமுகங்களில் 26,000க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் தேங்கி, மே மாதம் விதிகளையே திருத்த வேண்டியதாயிற்று. இவற்றைப் பார்த்து அந்த நாடு நிலையற்றது என்று ஒதுக்குவதும் தவறு. இவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: உள்நாட்டு விலை ஏறினாலோ, மின் நிலையங்களுக்கு நிலக்கரித் தட்டுப்பாடு வந்தாலோ, தாதுவை உள்நாட்டிலேயே உருக்க வேண்டும் என்று முடிவானாலோ அரசு தயங்காமல் கதவை அடைக்கும். உங்கள் மூலப்பொருளோ விற்பனைப் பொருளோ அந்த வரிசையில் வருமா என்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும்.

இப்போது பினாமிக்கு வருகிறேன். உள்ளூர்க்காரர் பெயரில் பங்கு வாங்கி, பின்னால் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதும் என்று ஏஜென்ட்டுகள் சொல்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 25ஆம் எண் முதலீட்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வேறொருவருக்காகப் பங்குகளை வைத்திருப்பதாகச் செய்யப்படும் ஒப்பந்தத்தைத் தடை செய்வதோடு, அது சட்டப்படி செல்லாது என்றும் சொல்கிறது. நாளை அந்த நண்பர் மனம் மாறினாலும், அவர் இறந்து வாரிசுகள் வந்தாலும், உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. நம் பக்கமும் சிக்கல்தான்: இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அயல்நாட்டு முதலீட்டு விதிகளின்படி, முதலீடாக அனுப்பிய பணத்துக்குப் பங்கு கிடைத்ததற்கான சான்றை ஆறு மாதத்துக்குள் வங்கியிடம் தர வேண்டும், ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கையும் தர வேண்டும். பங்கே உங்கள் பெயரில் இல்லாதபோது எந்தச் சான்றைத் தருவீர்கள்?

இதில் வேதனை என்னவென்றால், பெரும்பாலும் பினாமிக்குத் தேவையே இருப்பதில்லை. 2021ஆம் ஆண்டின் 10ஆம் எண் அதிபர் ஆணை பெரும்பாலான துறைகளை முழு அயல்நாட்டு உரிமைக்குத் திறந்துவிட்டது. அயல்நாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு, நிலமும் கட்டடமும் நீங்கலாக, பொதுவாக ஒவ்வொரு தொழில் குறியீட்டுக்கும் (தொழில் வகையைக் குறிக்கும் அரசின் எண்) 1,000 கோடி ரூபியாவுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 5 கோடி இந்திய ரூபாய், முதலீட்டுத் திட்டம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் செலுத்திக் காட்ட வேண்டிய மூலதனத்தை 2025 அக்டோபரில் 250 கோடி ரூபியாவாகக் குறைத்துவிட்டார்கள். அந்த அளவுக்குக்கூட முதலீடு செய்ய முடியாத நிலையில் இருப்பவர்கள், அங்கே கம்பெனி தொடங்காமல் ஏற்றுமதி மட்டும் செய்வதே நல்லது.

இனி, செய்ய வேண்டியவை. ஐந்து இலக்கத் தொழில் குறியீட்டை முதலில் உறுதி செய்யுங்கள்; உரிமையின் அளவு, அனுமதிகள், மூலதனம் எல்லாம் அதைத் தொட்டே வரும். இணையவழி உரிம முறையில் பதிவெண் விரைவில் கிடைத்துவிடும். அதை உரிமமாக எண்ணிக் கட்டடம் எழுப்பாதீர்கள். அந்த மாவட்டத்துக்கு விரிவான நிலப்பயன்பாட்டுத் திட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிலத்துக்கு முன்பணம் கொடுங்கள். ஒப்பந்தங்களை இந்தோனேசிய மொழியிலும் எழுதுங்கள். 2009ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தத்தை மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013இல் செல்லாததாக்கியது. சென்னை நீதிமன்றத்தின் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற முடியாது. ஆகவே தகராறுகளை நடுவர் மன்றத்துக்கு விடும் பிரிவு கட்டாயம் வேண்டும். அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இந்தோனேசியா 1981லேயே சேர்ந்துவிட்டது. உணவுப் பொருளை இறக்குமதி செய்வதானால், அந்தப் பொருளுக்கான பதிவெண் இறக்குமதியாளர் பெயரில்தான் வாங்கப்படும். அவரோடு பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஹலால் சான்று, உள்ளூரில் உணவு தயாரிக்கும் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு 2024 அக்டோபரிலேயே கட்டாயமாகிவிட்டது. கூலிக் கணக்கில் ஈத் பண்டிகைக்கு முன் தர வேண்டிய ஒரு மாத ஊதியத்தைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பினாமியில் மாட்டிக்கொண்டவர்களை நான் திட்டப்போவதில்லை. உறவு சுமுகமாக இருக்கும்போதே, அந்த நண்பர் கையெழுத்திடத் தயாராக இருக்கும்போதே, அங்குள்ள நோட்டரி ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் இங்குள்ள உங்கள் ஆடிட்டரையும் ஒன்றாக உட்காரவைத்து, பங்குகளை உங்கள் பெயருக்கு மாற்றி அயல்நாட்டு முதலீட்டுக் கம்பெனியாகப் பதியும் வேலையைத் தொடங்குங்கள். வங்கியிடம் சொல்ல வேண்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செலவாகும், சில மாதங்கள் பிடிக்கும். தயவுசெய்து அடுத்த நிதியாண்டு என்று தள்ளிப்போடாதீர்கள்.